வலிக்காத கல்லீரலும் வலிக்கிற வயிறும்

மும்பையில் வயிற்று வலி என்று டாக்டரிடம் போனால், இரண்டாம் முறை போகும்போது கையில் ஒரு சோனோகிராபி ரிப்போர்ட் இருக்கும். தாராவி 90 அடி சாலை, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் சேடா நகர் எங்கும் இதுதான் வழக்கம். பித்தப்பை சரி, கணையம் சரி, மண்ணீரல் சரி, சிறுநீரகம் சரி என்று வரிசையாக வந்து கடைசியில் ஒரு வரி நிற்கும்: கல்லீரல் லேசாகப் பெரிதாகியிருக்கிறது, கிரேடு ஒன்று ஃபேட்டி லிவர். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது வலிக்குக் காரணம் இந்த ஒரு வரிதான் என்று நோயாளி முடிவு கட்டிவிடுகிறார். டாக்டரும் பல நேரம் மறுத்துச் சொல்வதில்லை. அமிலத்துக்கு ஒரு மாத்திரை, வாயுவுக்கு ஒரு மாத்திரை, கூடவே ஒரு லிவர் டானிக். பத்து நாளில் வலி அடங்குகிறது. வலி அடங்கியதும் கல்லீரலும் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

இதில் இரண்டு இடத்தில் தப்பு நடக்கிறது. வலியைக் கல்லீரல் மேல் போட்டது ஒன்று. வலி போனதும் கல்லீரலை மறந்தது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆளைச் சாய்ப்பது. இந்த நோயைப் பற்றி இதுவரை தெரிந்தவற்றையெல்லாம் எடுத்துப் பார்த்தாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

முதலில் வலி. கல்லீரலின் உள் திசுவில் வலியை உணரும் நரம்பு கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் உண்டு. கல்லீரல் வீங்கி அந்த உறை இழுபடும்போது வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு பாரம், ஒரு மந்தமான அசௌகரியம் தெரியலாம். சிலர் அசதியையும் சொல்வார்கள். ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இதுவும் இருக்காது. சாப்பிட்ட உடனே நெஞ்சு எரிகிறது, வயிறு உப்புகிறது, பசித்தால் வலிக்கிறது, கழிவறை போய்வந்தால் தேவலை என்பதெல்லாம் கல்லீரலின் வேலை கிடையாது. எரிச்சலுக்குப் பின்னால் அமிலம் மேலேறுவதோ, ஹெலிகோபாக்டர் கிருமியோ இருக்கலாம். முதுகு வலிக்கும் கால் வலிக்கும் மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கலாம். தாராவியில் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களிடம் இந்தக் கடைசிக் காரணத்தை முதலில் கேட்க வேண்டும். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலப்பக்கம் இறுக்கிப் பிடித்து முதுகுக்கோ தோளுக்கோ ஏறினால் பித்தப்பைக் கல்லைச் சந்தேகிக்க வேண்டும். கல்லும் கொழுப்பும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது சகஜம்.

நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் காரணம் கேஸ். மேல்வயிற்று வலியைக் கேஸ் என்று சோடா குடித்துச் சமாளித்து, அது மாரடைப்பாக முடிந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவருக்கும் நாற்பதைத் தாண்டியவருக்கும் மேல்வயிற்றில் அழுத்தமும் வியர்வையும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால், சோனோகிராபிக்கு நேரம் குறிக்காமல் நேரே ஈசிஜி எடுக்கப் போக வேண்டும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, வலிக்குக் காரணம் வேறு என்றால் அந்தக் கடைசி வரியைத் தள்ளிவிடலாமா? இங்கே எண்களைப் பார்த்தாக வேண்டும். மும்பையில் இந்த நோயை மருத்துவமனைக்கு வெளியே, குடியிருப்புகளில் போய்த் தேடிப் பார்த்தவர் டாக்டர் தீபக் அம்ராபுர்கர். அவரது குழு இந்நகரத்தின் ரயில்வே குடியிருப்புகளில் 1168 பேரைப் பரிசோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டது. தங்களுக்கு நோய் இருப்பதாக நினைக்காமல் வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவில் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. நகரம் இந்த மனிதரை வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 29 அன்று பெய்த பெருமழையில் வீட்டுக்கு நடந்தே போனவர், வெள்ளத்தில் மறைந்திருந்த திறந்த சாக்கடைக் குழியில் விழுந்து இறந்தார். இரண்டு நாள் கழித்து வொர்லியில் உடல் கிடைத்தது. அவர் இறந்த விதம் தெரிந்த அளவுக்கு அவர் செய்த வேலையும் இந்த ஊருக்குத் தெரிய வேண்டும்.

தெற்கே கணக்கு இன்னும் மோசம். சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 541 பேரிடம் பார்த்து 2009இல் சொன்னது: நூற்றுக்கு 32 பேருக்கு ஃபேட்டி லிவர். சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்தால் பாதிக்கு மேல். அதே காலத்தில் இலங்கையில், கொழும்புக்கு அருகே ராகமையில் 35 முதல் 64 வயது வரை உள்ளவர்களைப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே மூன்றில் ஒரு பங்கு. இந்திய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2022இல் போட்ட கணக்கில் பெரியவர்களில் 38.6 சதவீதம், குழந்தைகளில் 35.4 சதவீதம். குழந்தைகள் கணக்கில் மருத்துவமனைக்கு வந்த குண்டான பிள்ளைகளும் சேர்ந்திருப்பதால் அதை அப்படியே பள்ளிக்கூடங்களுக்குப் பொருத்த முடியாது. 2025இல் வந்த ஹைதராபாத் ஆய்வு ஒன்றில் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரில் 84 சதவீதம் பேருக்கு இருந்ததாகச் செய்தித்தாள்கள் பெரிதாகப் போட்டன. ஒரு நகரத்தின் ஒரு தொழிலிலிருந்து எடுத்த 345 பேர் நாட்டுக்கே பிரதிநிதி ஆகமாட்டார்கள். ஆனாலும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களிடம் அது எந்த அளவுக்குப் போகும் என்பதைக் காட்டியது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும்: “டாக்டர், நான் சுத்த சைவம். குடிக்கறதில்லை. ஆளும் ஒல்லி. எனக்கு எப்படி?” நியாயமான கேள்வி. இதற்கான பதில் நம் நாட்டு ஆய்வுகளிலேயே இருக்கிறது. புனே கேஇஎம் மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், 2004இல் லான்செட் இதழில் தன்னையும் தன் ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய படத்தை வெளியிட்டார். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடலில் உள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷின் ஒரே எண்ணைக் காட்டினாலும் இந்திய உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் தொப்புளைச் சுற்றி, குடலைச் சுற்றி. மேற்கு வங்கத்தின் கிராமங்களில் செய்து 2010இல் வந்த ஆய்வில், கல்லீரலில் கொழுப்பு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு பிஎம்ஐ 25ஐத் தாண்டவில்லை. உடல் உழைப்பாளிகள், ஏழைகள், ஒல்லியானவர்கள் அவர்கள். குண்டாக இருந்தால்தான் வரும் என்ற எண்ணம் அதோடு உடைந்தது. இந்த நோய்க்கு எடை மெஷினை விடத் தையற்காரரின் டேப் நல்ல கருவி. ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் எடை என்னவாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

கல்லீரலுக்குள் அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து பார்த்தது. கிட்டத்தட்ட 59 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பிலிருந்து ரத்தம் வழியாக வந்து சேர்கிறது. 26 சதவீதத்தை, நாம் தின்ற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு கல்லீரலே தயாரிக்கிறது. உணவில் இருக்கும் எண்ணெய், நெய்யிலிருந்து நேரடியாக வருவது 15 சதவீதம்தான். ஃபேட்டி லிவர் என்றதும் நம் வீடுகளில் எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு, சோற்றையும் டீயையும் அப்படியே விட்டுவிடுகிறார்களே, அவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2025இல் சொன்னது. காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் வடாபாவ், ராத்திரி மறுபடி சோறு என்றால் அந்த 62ஐத் தாண்டுவதற்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கட்டிங் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தால் 5 கிராம். நாளைக்கு ஆறு கட்டிங் குடிப்பவருக்கு டீயிலேயே 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கப் போதும் என்று சொல்லும் நல்ல அளவு 25.

இதற்காக இட்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. விடியுமுன்பே அடுப்பு மூட்டி, வேகவைத்து, நகரம் முழுக்க இட்லி கொண்டுபோய் விற்கும் தாராவிக் குடும்பங்கள் இந்த ஊரின் எத்தனையோ பேருக்கு எண்ணெயில்லாத காலை உணவு தருகின்றன. ஆறு இட்லியை மூன்றாக்கி, பக்கத்தில் சுண்டலோ முட்டையோ வைத்துக்கொண்டால் அதே தட்டு கல்லீரலுக்குத் தோதான தட்டு.

அப்படி இட்லி அவிக்கும் ஒரு திருநெல்வேலி அம்மாவிடம், போன வருஷம் எடுத்த சோனோகிராபி என்ன ஆயிற்று என்று கேட்டேன். “வலி நின்னுட்டு தம்பி. மாத்திர ரெண்டு நாளுதான் தின்னேன். அந்தப் பேப்பரு பீரோவுல கெடக்கு,” என்றார். “அதுல கல்லீரல்னு எழுதியிருந்ததாமே, அக்கா?” “எழுதியிருந்துச்சு. வலிக்கலியே, பெறவென்ன?” அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

குடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தினமும் ஒரு குவார்ட்டருக்கு மேல் போவதில்லை, அது குடியே இல்லை என்று சொல்பவர்கள் நிறைய. 180 மில்லி விஸ்கியோ ரம்மோ, 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். குடியால் வராத ஃபேட்டி லிவர் என்று வகைப்படுத்த ஆணுக்கு நாளொன்றுக்கு 30 கிராமும் பெண்ணுக்கு 20 கிராமும்தான் எல்லை. ஆக ஒரு குவார்ட்டர் அந்த எல்லையைப் போல இரண்டு மடங்கு. சர்க்கரையும் தொப்பையும் இருக்கிற உடம்பில் குடியும் சேர்ந்தால் கேடு கூட்டலாக வராது, பெருக்கலாக வரும். 2023 ஜூனில் உலகக் கல்லீரல் சங்கங்கள் சேர்ந்து இந்த நோய்க்குப் புதுப் பெயரும் புது இலக்கணமும் வகுத்தபோது, இப்படி இரண்டும் கலந்தவர்களுக்குத் தனி வகையே வைத்தன. தாராவியில் பல ஆண்கள் அந்த வகைக்குள் வருவார்கள். ஆனால் டாக்டர் கேட்கும்போது வீட்டுக்காரி பக்கத்தில் நிற்பதால் குவார்ட்டர் கணக்கு வெளியே வராது.

அடுத்து வருவது ரிப்போர்ட்டில் மிகவும் தப்பாகப் படிக்கப்படும் சொல்: கிரேடு. கிரேடு ஒன்று என்றால் ஆரம்பம், பயமில்லை. மூன்று என்றால் ஆபத்து என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். சோனோகிராபி சொல்லும் கிரேடு கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை மட்டும் தோராயமாகச் சொல்கிறது. ஆயுளைத் தீர்மானிப்பது கொழுப்பின் அளவு இல்லை. அந்தக் கொழுப்பால் கல்லீரலில் விழுந்திருக்கும் தழும்புதான், அதாவது ஃபைப்ரோசிஸ். கிரேடு ஒன்றிலும் தழும்பு முற்றியிருக்கலாம். கிரேடு மூன்றிலும் தழும்பே இல்லாமல் இருக்கலாம். சாதாரண சோனோகிராபியில் ஆரம்பத் தழும்பு தெரியாது. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி சரியாக இருக்கிறது என்பதும் உத்தரவாதம் இல்லை.

தழும்பைத் தேட ஊசி குத்திக் கல்லீரல் துணுக்கு எடுக்கத் தேவையில்லை. ஃபிப்-4 என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. வயதை, அதே ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடியால் பெருக்க வேண்டும். ரத்தத் தட்டணுக்களை ஆயிரத்தில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஃபிப்-4. வயது 48, எஸ்ஜிஓடி 45, எஸ்ஜிபிடி 50, தட்டணு 2.1 லட்சம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 48ஐ 45ஆல் பெருக்கினால் 2160. 50இன் வர்க்கமூலம் 7.07, அதை 210ஆல் பெருக்கினால் சுமார் 1485. வகுத்தால் 1.45. எண் 1.3க்குக் கீழே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு, ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 2.67க்கு மேல் என்றால் கல்லீரல் டாக்டரிடம் போக வேண்டும். இடையில் வந்தால், இவரைப் போல, தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2. 35க்குக் கீழ் உள்ளவர்களிடம் இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமானதில்லை. தேவைப்படும் ரத்தப் பரிசோதனைகள் எந்தச் சாதாரண லேபிலும் உண்டு. பல நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டிலேயே அந்த மூன்று எண்ணும் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை. கூடவே ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இந்த நோய் மெதுவாக நகரும். வெறும் கொழுப்பு உள்ளவர்களிடம் தழும்பு ஒரு படி ஏறச் சராசரியாக 14 வருஷம் ஆகிறது. அழற்சியும் சேர்ந்தவர்களிடம் 7 வருஷம். ஒரு சிலரிடம் வேகமாகப் போகும். பெரும்பாலானோர் கல்லீரல் சுருக்கம் வரை போவதே இல்லை. அதற்கு முன் அவர்களைக் கொண்டுபோவது இதய நோய். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் இதயமும் ரத்தக் குழாயும்தான். மேல்வயிற்று வலியைக் கேஸ் என்று விடாதீர்கள் என்று முன்னால் எழுதியது இதனால்தான். 2021இல் மும்பையில் எடுத்த கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு ரத்த அழுத்தமும் 18 பேருக்குச் சர்க்கரையும் இருந்தன. சோனோகிராபியின் அந்தக் கடைசி வரி வந்த அன்றே சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்திருக்க வேண்டும்.

வைத்தியம் என்று வந்தால் எடை குறைப்பதற்கு நிகராக இன்னும் ஒன்றும் வரவில்லை. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு வடிகிறது; 7 சதவீதத்தில் அழற்சி தணிகிறது; 10 சதவீதத்தில் தழும்பே பலருக்குப் பின்வாங்குகிறது. 70 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்து கிலோவுக்கும் குறைவு. ஒல்லியானவருக்கு 3 முதல் 5 சதவீதமே பலன் தரும். காப்பி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. மாட்டுங்காவின் டபரா காப்பிக்கு இது நல்ல செய்தி, சர்க்கரை இல்லாத வரைக்கும். மருந்துகளில், அகமதாபாத்தில் உருவான சரோகிளிட்டசாருக்கு 2020இல் இந்தியாவில் இந்த நோய்க்கான அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் ரெஸ்மெட்டிரோம் 2024 மார்ச்சிலும், செமக்ளூடைடு 2025 ஆகஸ்டிலும் அழற்சியும் தழும்பும் உள்ளவர்களுக்கு அனுமதிக்கப்பட்டன. இவை கிரேடு ஒன்று ரிப்போர்ட்டோடு போகும் எல்லாருக்குமான மருந்துகள் கிடையாது.

லிவர் டானிக் வாங்கும் பணத்தைக் கடலைக்கும் கீரைக்கும் செலவழிக்கலாம் என்பதே என் கருத்து. நாட்டு மருந்து விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கீழாநெல்லி நமக்கு நம்பிக்கையான மூலிகை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அது பலன் தருவதாக லான்செட்டில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் வரவில்லை. அந்த ஆய்வே கிருமியைப் பற்றியதுதான், கொழுப்பைப் பற்றியதல்ல. சீந்தில் கதை மும்பையிலேயே நடந்தது. கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று, கிலோய் என்று இங்கே சொல்லும் அந்தச் சீந்தில் கஷாயத்தைக் குடித்து, 2020 செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் மஞ்சள் காமாலையோடு வந்த ஆறு பேரைப் பற்றி ஜஸ்லோக் மருத்துவமனையின் டாக்டர் ஆபா நக்ரல் குழு 2021இல் எழுதியது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. செடி மாறியிருக்கலாம் என்றது. அடுத்த வருஷம் நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளிவந்தது. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த கல்லீரலுக்குள் தெரியாத கஷாயத்தை ஊற்ற வேண்டாம். கண் மஞ்சளானால், வயிறும் காலும் வீங்கினால், மலம் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனை.

நடங்கள் என்று எழுதுவது சுலபம். மாட்டுங்காக்காரருக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. செம்பூர்க்காரர் சேடா நகர் முருகனின் 108 படியை ஏறி இறங்கலாம். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய தாராவிச் சந்தில், பன்னிரண்டு மணி நேரம் வேலை முடித்த பெண் எங்கே நடப்பார்? அவரிடம் உடற்பயிற்சியைப் பேசுவதற்கு முன் தட்டிலிருக்கும் சோற்றையும் டீயிலிருக்கும் சர்க்கரையையும் பேசுவதுதான் மரியாதை.

மற்றதை அரசு செய்ய வேண்டும். செய்வதாகச் சொல்லியும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இந்த நோயைத் தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் திருத்திய வழிகாட்டுதலையும் வெளியிட்டது. இடுப்பை அளப்பது, பிஎம்ஐ பார்ப்பது, பிறகு ஃபிப்-4 என்று வரிசை அதில் தெளிவாக இருக்கிறது. தாராவிக்குள்ளேயே சயான் மருத்துவமனையின் நகர்ப்புற சுகாதார மையம், ஊரார் சொல்லும் சோட்டா சயான், இருக்கிறது. மாநகராட்சி 2022 நவம்பரில் தொடங்கிய ஆப்லா தவாகானா கிளினிக்குகள் பல, வேலை விட்டு வருபவர்களுக்குத் தோதாக இரவு 10 மணி வரை திறந்திருக்கின்றன. 147 வகைப் பரிசோதனைகள் அங்கே இலவசம். எண்கள் கிடைக்கும் இடம் இருக்கிறது. சோனோகிராபி சென்டரிலிருந்து அந்த இடத்துக்கு நோயாளியை அனுப்பும் ஒரு வரிதான் இல்லை. ஃபேட்டி லிவர் என்று அச்சிடும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும், தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் இப்படி அச்சிடட்டும்: ‘இது உங்கள் வலிக்குக் காரணமாக இல்லாமல் இருக்கலாம். சர்க்கரை, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, தட்டணு நான்கையும் ஒரு மாதத்துக்குள் பாருங்கள்.’ மாநகராட்சி உத்தரவு போட்டால் ஒரே வாரத்தில் நடக்கக்கூடிய காரியம்.